500 ரூபாய் செலான்: கட்டிவிடுவதா, கோர்ட்டுக்குப் போவதா

கேரளாவில் ரோட்டோரக் கேமரா பிடித்த சீட் பெல்ட் செலான் ஒன்று எனக்கு வந்தது. 500 ரூபாய். அதைக் கட்டாமல் கோர்ட்டில் மறுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். அந்த முடிவுக்கு வரும் முன் யோசித்ததையும் தேடிப் படித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் பக்கத்தில், அதாவது பாலக்காடு மாவட்டத்து எல்லையோரமான கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம், அந்தப் பக்கம் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சி வரைக்கும், இந்த மாதிரி செலான் வராத வீடு குறைவு. வந்தால் என்ன செய்யலாம் என்று தமிழில் நிதானமாக எடுத்துச் சொல்கிற ஆளும் குறைவு.

நடந்தது இதுதான். நில வரி விஷயமாக அப்பாவுக்குச் சித்தூர் தாலுக்கா ஆபீசில் ஒரு வேலை இருந்தது. ஆந்திரா சித்தூர் இல்லை, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர். நான் வண்டி ஓட்டினேன், அப்பா முன்சீட்டில். எழுபது தாண்டியவர், தென்னந்தோப்புக்காரர், வெளியே கிளம்பினால் வெள்ளைச் சட்டை, வேட்டி, தோளில் அகலத் துண்டு. வண்டியில் ஏறியதும் யாரும் சொல்லாமலே பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொள்வார். மாட்டி முடித்ததும், ஏசி காற்று நெஞ்சில் படக்கூடாது என்று துண்டை விரித்து நெஞ்சை மூடிப் போர்த்திக்கொள்வார். வருடக்கணக்காக அப்படித்தான். பெல்ட் துண்டுக்கு அடியில் போய்விடும். கொஞ்ச நாள் கழித்து எஸ்எம்எஸ் வந்தது, அப்புறம் தபாலில் நோட்டீஸ். முன்சீட்டில் இருந்தவர் சீட் பெல்ட் அணியவில்லை என்று போட்டிருந்தது.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெண்டு தடவை படித்துவிட்டு, "நான் போட்டுத்தானே கண்ணு உக்காந்திருந்தேன்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அதிகம் பேசவில்லை.

எஸ்எம்எஸ் வந்தவுடன் பதறிப்போய் எதையும் தொடவேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். செலான் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல், அதாவது போனில் ஆப்பை ஏற்றுகிற ஃபைல், அனுப்பி, அதை இன்ஸ்டால் செய்தவர்களின் பேங்க் பணத்தை எடுக்கிற கும்பல்கள் இருக்கின்றன. உண்மையான செலான் பரிவாகன் என்கிற அரசாங்கப் போக்குவரத்துத் தளத்தில் இருக்கும், அந்த முகவரி கவ்.இன் (gov.in) என்று முடியும். வண்டி நம்பரை நாமே அங்கே போட்டுப் பார்த்து, செலானும் படமும் அங்கே இருந்தால்தான் அது செலான். இது தெரியாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்கலாம், அல்லது கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயா சென்டருக்குப் போகலாம்.

சரி, படத்துக்கு வருகிறேன். என் முடிவு முழுக்க அந்தப் படத்தின் மேல்தான் நிற்கிறது.

முதல் பார்வைக்குக் கேமரா சொல்வது சரி போலத்தான் இருந்தது. என் மேல் பெல்ட் குறுக்கே பளிச்சென்று தெரிகிறது. அப்பா பக்கம் கழுத்திலிருந்து வயிறு வரை வெள்ளைத் துண்டு, பெல்ட் காணோம். படத்தை இறக்கி, கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் ஒரு தூண் இருக்கிறதல்லவா, பெல்ட் அதன் உச்சியிலிருந்துதான் வருகிறது. படத்தில் அந்த உச்சியிலிருந்து அப்பாவின் இடது தோள் வரை ஒரு சாம்பல் நிறப் பட்டை சாய்வாக வருகிறது, நாலு விரற்கடை நீளம் இருக்கும், தோளில் துண்டின் ஓரத்துக்குள் போய் மறைந்துவிடுகிறது. பெல்ட் மாட்டாமல் இருந்தால் அது சாய்வாக வராது. தூணை ஒட்டி நேராகத் தொங்கும், அதன் இரும்பு நாக்கும் கூடவே தொங்கும். படத்தில் தூணை ஒட்டி எதுவும் தொங்கவில்லை.

இது என் கண்ணுக்கு மட்டும் தெரிகிற விஷயமாக இருந்துவிடக் கூடாது என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை வாசலில் நிறுத்தி, அப்பாவை அதே துண்டோடு அதே சீட்டில் உட்கார வைத்து, பானெட்டுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி நின்று படம் எடுத்தேன். பெல்ட் போட்டு, துண்டு போர்த்தி ஒன்று. பெல்ட் போடாமல், துண்டு மட்டும் போர்த்தி ஒன்று. ரெண்டையும் கேமரா படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியும். முதல் படத்தில் அதே சாய்வுப் பட்டை. இரண்டாவதில் பட்டை நேராகத் தொங்குகிறது, நாக்கில் வெயில் பட்டு மின்னுகிறது. ஞாயிறு அன்று ஸ்டூலில் நின்றபடியே மனசுக்குள் பாதி முடிவு வந்துவிட்டது.

மீதிப் பாதிக்குத்தான் சட்டத்தைப் படிக்க வேண்டியிருந்தது.

சீட் பெல்ட் விஷயம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 194பி பிரிவு. 2019 திருத்தத்தில் வந்தது, அந்த வருடம் செப்டம்பர் 1 முதல் நடைமுறை. ஓட்டுகிறவர் பெல்ட் போடாவிட்டாலும், பெல்ட் போடாத ஆளை ஏற்றிக்கொண்டு ஓட்டினாலும் 1000 ரூபாய் அபராதம் என்று சட்டம் சொல்கிறது. அப்பா போடவில்லை என்று சொன்னாலும் குற்றம் ஓட்டிய என் மேல்தான். அப்புறம் ஏன் கேரளாவில் 500 என்றால், சட்டத்தின் 200ஆம் பிரிவு, கோர்ட்டுக்குப் போகாமல் பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்வதற்கு ஒரு தொகையை நிர்ணயிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுக்கிறது. கேரளா ஹெல்மெட்டுக்கும் சீட் பெல்ட்டுக்கும் அதை 500 என்று வைத்தது. தமிழ்நாடு 1000 என்று வைத்திருக்கிறது. கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் 500, அந்தப் பக்கம் அதே குற்றம் 1000.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த 500 சமரசத் தொகை மட்டும்தான். கோர்ட்டுக்குப் போய்த் தோற்றால் நீதிபதி பார்ப்பது சட்டத்தில் உள்ள 1000 ரூபாயை. அதாவது மறுத்துத் தோற்றால் ரெண்டு மடங்கு. இது தெரிந்துகொண்டு போக வேண்டும், தெரியாமல் போய் அங்கே நின்று திகைக்கக் கூடாது.

அதே 200ஆம் பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. சமரசமாகப் பணம் கட்டிவிட்டால் அந்த வழக்கு அதோடு முடிந்தது, மேல் நடவடிக்கை இல்லை. ஆனால் 2019 திருத்தத்துக்குப் பிறகு, அதே குற்றத்தை மறுபடி செய்ததாக வந்தால், முன்பு பணம் கட்டி முடித்ததும் ஒரு தடவையாகக் கணக்கில் சேரும். சீட் பெல்ட் பிரிவில் இரண்டாம் தடவைக்கென்று கூடுதல் தொகை இல்லை, அதனால் எனக்கு இது பெரிய காரணம் இல்லை. ஆனால் பொதுவான விதிமீறல்களுக்கான 177ஆம் பிரிவில் முதல் தடவை 500, அடுத்த தடவை 1500. வண்டி ஓட்டியே பிழைக்கிறவர்கள் "கட்டித் தொலைப்போம்" என்று கட்டும் முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கட்டாமலும் மறுக்காமலும் சும்மா இருந்தால் என்ன என்று என் தம்பி கேட்டான். அதுதான் மோசமான வழி. கொஞ்ச காலம் போனதும் செலான் இணையவழி கோர்ட்டுக்குப் போய்விடும், வண்டியின் பெயர்மாற்றம் மாதிரியான வேலைகள் வாகன் என்கிற அரசாங்க வண்டிப் பதிவுக் கணக்கில் தடைபட்டு நிற்கும். வண்டியை விற்கப் போகிற அன்றைக்குத்தான் அது தெரியவரும்.

வீட்டுக்காரர் பொள்ளாச்சியில் கயிறு மில்லில் கணக்குப் பார்க்கிறார். அவருக்கு எல்லாமே வரவு செலவு. "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். எதுக்கு இந்தக் கோர்ட்டு கச்சேரி? அக்ஷயாவுல 500ஐக் கட்டிட்டு வந்துரு" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. சித்தூருக்குப் போய்வர பெட்ரோல், நான் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம், வக்கீல் ஃபீஸ். எந்தக் கணக்கில் பார்த்தாலும் 500ஐ விடக் கூடத்தான். வருமானத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் நிலையில் இருக்கிற யாரையும், கட்டிவிட்டார்கள் என்பதற்காக நான் குறை சொல்லமாட்டேன்.

வக்கீல் ஃபீஸ் விஷயத்தில் மட்டும் ஒரு வழி கிடைத்தது. 1987ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவில், இலவச சட்ட உதவிக்கு உரிமை உள்ளவர்கள் யார் என்று வரிசை இருக்கிறது. அதில் பெண்கள் இருக்கிறார்கள், வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், அப்புறம் குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே வருமானம் உள்ளவர்கள் என்று பட்டியல் நீள்கிறது. தாலுக்கா அளவில் இதற்கென்று குழு இருக்கிறது, கோர்ட் வளாகத்தில் விசாரித்தால் சொல்வார்கள். வண்டி என் பேரில், ஓட்டியதும் நான், ஆகவே வழக்கும் என் மேல். எனக்கு அந்த உரிமை உண்டு. இதைப் படிக்கிற பெண்கள் யாராவது "வக்கீலுக்கு எங்கே போவது" என்று நினைத்து விட்டிருந்தால், தயவுசெய்து அங்கே போய்க் கேளுங்கள்.

கோர்ட்டுக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது, அதைத் தாண்டிக் குதிக்க வேண்டாம் என்று நினைத்தேன். செலான் தவறு என்றால் முதலில் சம்பந்தப்பட்ட அமலாக்க அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்தேன். மனுவைத் தமிழில் எழுதினேன், சுருக்கமாக ஒரு மலையாளப் பிரதியும் சேர்த்து வைத்தேன். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டத்தில், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுத் தலைமைச் செயலகத்துக்கும், துறைத் தலைவர்களுக்கும், தாங்கள் அதிகமாக வாழும் பகுதிகளில் உள்ள அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்று இருக்கிறது. எங்கள் தாலுக்காவில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்தவர்களுக்கே இது பாதிப் பேருக்குத் தெரியாமல் இருக்கிறது என்பது எனக்கு வருத்தம். மலையாளம் சரளமாகப் பேசுவோம், ஆனால் அரசாங்கத்துக்கு ஒரு காகிதம் எழுத வேண்டும் என்றால் கை தயங்கும். அந்தத் தயக்கத்திலேயே எத்தனையோ பேர் புகார் எழுதாமல் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

அலுவலகத்தில் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒரு இளம் அதிகாரி என் படங்களை வாங்கி, மானிட்டரில் கேமரா படத்தைத் திறந்து, பெரிதாக்கி, கொஞ்ச நேரம் பார்த்தார். "சேச்சி, நீங்க சொல்ற பட்டை இருக்கு. ஆனா பெல்ட் நெஞ்சுக்குக் குறுக்கே தெரியலையே" என்றார், பாதி தமிழும் பாதி மலையாளமுமாக. துண்டுக்கு அடியில் இருக்கிற பெல்ட் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் தலையசைத்தார். பிறகு வந்த பதிலில், படத்தில் பெல்ட் தெளிவாகத் தெரியவில்லை, மறுப்பு இருந்தால் கோர்ட்டை அணுகலாம் என்று இருந்தது.

அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபம் இல்லை. கேமரா மேலேயும் இல்லை. 2023 ஏப்ரலில் கேரளா முழுக்க 726 கேமரா வைத்தார்கள், அதில் 675 செயற்கை நுண்ணறிவுக் கேமரா, ஹெல்மெட், சீட் பெல்ட், ஓட்டும்போது செல்போன் இதையெல்லாம் பிடிப்பதற்கு. ஜூன் 5 முதல் அபராதம் தொடங்கியது. அதற்கு முன்னால் எங்கள் ஊரில் பின்னால் உட்காருகிற பெண்கள் ஹெல்மெட் போட்டு நான் அதிகம் பார்த்ததில்லை, இப்போது சந்தைக்குப் போகிறவர்கள்கூடப் போடுகிறார்கள். பொள்ளாச்சி ரோட்டில் தேங்காய் லாரிகளும் ஜல்லி லாரிகளும் போகிற வேகத்தைத் தினமும் பார்க்கிற எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். கேமரா இருக்கட்டும், இன்னும் வரட்டும்.

என் வாதம் வேறு. கேமரா பிடிக்கிற படத்தைக் கட்டுப்பாட்டு அறையில் ஆட்கள் பார்த்த பிறகுதான் நோட்டீஸ் அனுப்புகிறார்கள். அந்த ஆள் தினமும் ஏகப்பட்ட படங்களைப் பார்க்கிறவர். நெஞ்சில் துண்டு போர்த்திய பெரியவர் பெல்ட் போட்டிருந்தால் படம் எப்படி இருக்கும் என்று அவருக்கு யார் சொல்வது? தொகை சின்னது என்பதால் உண்மையான செலானும் கட்டப்படுகிறது, தவறான செலானும் கட்டப்படுகிறது. ரெண்டும் ஒரே மாதிரி "கட்டப்பட்டது" என்றுதான் கணக்கில் ஏறும். எது தவறு என்று யாருக்குமே தெரியாமல் போய்விடும். எங்கள் பக்கத்தில் துண்டு போடாத பெரியவர் யார்? சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றிப் போர்த்தி உட்காருகிற அம்மாக்கள் எத்தனை பேர்? அவர்களுக்கெல்லாம் இதே செலான் வந்துகொண்டே இருக்கும். ஒருவராவது மறுத்து, அந்த மறுப்பு ஒரு கோர்ட் உத்தரவில் பதிவானால்தான் அந்தக் கட்டுப்பாட்டு அறை வரைக்கும் செய்தி போகும். என்னிடம் படம் இருக்கிறது, இலவச வக்கீல் இருக்கிறார், லீவு போட முடிகிற வேலை இருக்கிறது. நான் செய்யாவிட்டால் தினக்கூலிக்குப் போகிறவர் செய்வார் என்று எப்படி எதிர்பார்ப்பது?

அதற்காக வருகிற செலானையெல்லாம் மறுக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். பொள்ளாச்சியிலிருந்து பைக்கில் வேலைக்கு வருகிற என் சித்தி மகனுக்கு வேகத்துக்குச் செலான் வந்தது, அவனும் என்னைப் பார்த்து மறுக்கலாமா என்று கேட்டான். கேரளாவில் 2023 ஜூலை 1 முதல் பைக்குக்கு அதிகபட்ச வேகம் 60, முன்னால் 70 ஆக இருந்ததைக் குறைத்தார்கள். கார்களுக்கு அதே சமயம் சில ரோடுகளில் கூட்டினார்கள், அதனால் பைக்குக்கும் கூடியிருக்கும் என்று அவன் நினைத்திருக்கிறான். 60க்கு மேல் போனது உண்மைதானே என்றேன், ஆமாம் என்றான். கட்டிவிடு என்று சொன்னேன். அவனுடைய கேஸ் கோர்ட்டுக்குப் போனால் குற்றம் நடந்த எல்லைக்குள் இருக்கும் கோர்ட்டில்தான் நடக்கும், பொள்ளாச்சியில் நடக்காது. தமிழ்நாட்டு நம்பர் வண்டிக்காரர்கள் இதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வகை யோசனையும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் 167ஏ என்று ஒரு விதி சேர்த்தார்கள். அதன்படி கேமராவுக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கிறது என்று எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். சம்பவம் நடந்து 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். குற்றமும் நம்பர் பிளேட்டும் தெரிகிற படம், நாள், நேரம், இடம் எல்லாம் நோட்டீசில் வேண்டும். மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் வேண்டும். இந்தச் சான்றிதழ் எவ்வளவு முக்கியம் என்று சுப்ரீம் கோர்ட் 2014இல் சொன்ன அன்வர் எதிர் பஷீர் தீர்ப்பே நம் பக்கத்துத் தேர்தல் வழக்குதான், மலப்புறம் மாவட்டத்து ஏறநாடு தொகுதி. இதில் ஏதாவது ஒன்று குறைந்தால் செலான் நிற்காது என்று வாதாட இடம் உண்டு. தெரிந்தவர் ஒருவர், "நாள் கணக்கைப் பாரு, 15 நாள் தாண்டியிருந்தா ஈசியா ஜெயிச்சுடலாம்" என்றார்.

நாள் கணக்கையும் பார்த்தேன், நோட்டீஸ் சரியான காலத்தில்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் தாண்டியிருந்தாலும் அதை முதலில் வைத்திருக்க மாட்டேன். பெல்ட் போடாமல் போய்விட்டு நாள் கணக்கில் தப்பிப்பது ஒன்று, போட்டிருந்ததை நிரூபிப்பது வேறு. அப்பாவுக்கு வேண்டியது ரெண்டாவது. செல்போனில் பேசிக்கொண்டே ஓட்டிவிட்டுச் சான்றிதழில் கையெழுத்து இல்லை என்று வாதாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒப்பவில்லை. சட்டம் அவர்களுக்கு அந்த உரிமையைக் கொடுக்கிறது, சரி. என் மனசு கொடுக்கவில்லை.

உண்மையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது பணமும் இல்லை, சட்டமும் இல்லை. வழக்கு நடந்தால் அப்பா சாட்சி சொல்ல வேண்டி வரலாம். இதுவரை கோர்ட் படி ஏறாத மனுஷர். கூண்டில் நிற்க வைத்து, எதிர்த்தரப்பு வக்கீல், "உங்களுக்கு வயசாயிடுச்சு, ஞாபகம் இருக்குமா" என்று கேட்டால்? அதை நினைத்து ரெண்டு நாள் தூக்கம் சரியில்லை. கடைசியில் அவரிடமே கேட்டேன். தோப்பில் விழுந்த மட்டைகளை ஒதுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, கோர்ட்டுல வந்து சொல்லச் சொன்னா சொல்லுவீங்களா?"

"நடந்ததைத்தானே சொல்லணும்?"

"ஆமாங்கப்பா. மலையாளத்துல கேப்பாங்க."

"எனக்கு என்ன மலையாளம் தெரியாதா? பதிலைத் தமிழ்ல சொல்லறேன். காசு கட்டிட்டா நான் பெல்ட் போடலைன்னு ஆயிடும் கண்ணு. அது வேண்டாம்."

அவ்வளவுதான் பேச்சு. சட்டப்படி 500 கட்டுவது குற்றத் தீர்ப்பு இல்லை, சமரசம் என்று அவருக்கு விளக்கலாம். விளக்கவில்லை, ஏனென்றால் ஊர் அப்படிப் பார்ப்பதில்லை, அவரும் அப்படிப் பார்க்கவில்லை. இதற்கப்புறம் வீட்டுக்காரரும் எதுவும் சொல்லவில்லை. லீவு எப்போது போடணும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

செலான் இணையவழி கோர்ட்டுக்குப் போனதும் அந்தத் தளத்தில் செல்போன் நம்பருக்கு ஓடிபி வாங்கி உள்ளே போகலாம். அபராதத்தைக் கட்டுகிறேன் என்று ஒரு வழி, வழக்கை மறுக்கிறேன் என்று ஒரு வழி. அங்கே கட்டினால் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே ஆகும், முன்னால் சொன்ன சமரசம் மாதிரி இல்லை. கட்டத்தான் போகிறோம் என்று முடிவு செய்தவர்கள் அதற்கு முன்பே கட்டிவிடுவது நல்லது. மறுக்கிறேன் என்று கொடுத்தால் வழக்கு வழக்கமான கோர்ட்டுக்கு மாறும். நான் மறுக்கிறேன் என்று கொடுத்தேன். எங்களுக்குச் சித்தூர் மாஜிஸ்திரேட் கோர்ட்.

சட்ட உதவிக் குழு மூலம் கிடைத்த வக்கீல் ஒரு பெண், எங்கள் தமிழும் நன்றாகப் பேசுகிறார். படங்களைப் பார்த்ததும் அவர் சொன்ன விஷயம் எனக்குத் தைரியம் தந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், 274ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இந்த மாதிரிச் சின்ன வழக்குகளில் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்கிற கட்டம் அது. குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று மாஜிஸ்திரேட் கருதினால், காரணத்தை எழுதிவைத்து அந்தக் கட்டத்திலேயே விடுவிக்கலாம் என்று அதில் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். பழைய சட்டத்தில் அந்தப் பிரிவில் இது இல்லை. அப்படி நடந்தால் விசாரணையே வேண்டாம், அப்பா கூண்டு ஏறவும் வேண்டாம். நடக்கும் என்று அவர் உறுதி சொல்லவில்லை, கேட்டுப் பார்க்கலாம் என்றார். நடக்காவிட்டால் துறையின் சாட்சி, குறுக்கு விசாரணை, பிறகு எங்கள் தரப்பு என்று போகும். ஒவ்வொரு தேதிக்கும் நான் நேரில் நிற்காமல் வக்கீல் மூலம் ஆஜராக அனுமதி கேட்டு ஒரு மனுவும் போடலாமாம்.

நாங்கள் இப்போது கேட்டிருப்பது மூலப் படம். தளத்தில் இருக்கிறது சுருக்கிய படம், அதிலேயே பட்டை தெரிகிறது, கேமராவில் உள்ள முழு அளவுப் படத்தில் இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டும். வழக்கு முடிகிறவரை அந்தப் பதிவை வைத்திருக்க வேண்டும் என்று அதே 167ஏ விதி சொல்கிறது. நான் முதலில் வைக்கமாட்டேன் என்று சொன்ன விதிதான், ஆனால் உண்மையைக் காட்டுவதற்கு அது உதவும்போது தாராளமாகக் கேட்பேன்.

சம்மன் வந்துவிட்டது, அடுத்த மாதம் தேதி. முதல் நாள் அப்பா வரத் தேவையில்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஆனாலும் வருகிறேன் என்கிறார், வரட்டும். என்ன ஆனது என்று இங்கேயே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது துண்டோ தலைப்போ மறைத்ததால் இதே மாதிரி செலான் வந்திருந்தால், கட்டுவதோ மறுப்பதோ அப்புறம், முதலில் அந்தப் படத்தை இறக்கி வைத்துக்கொண்டு தூணின் உச்சியைப் பாருங்கள்.